சந்தையா, சூப்பர்மார்க்கெட்டா, செல்போனா: மதுரையில் ஒரு வீட்டின் அடுப்படிக் கணக்கு

ஜூன் மாதம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பள்ளிக் கட்டணம் கட்டி முடித்த அன்று இரவு, மனைவி நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். முதல் பக்கத்தில் ஒரே வரி: 'சாப்பாட்டுச் செலவில் மாதம் 2,000 குறையணும், வாயைக் கட்டாமல்.' கடைசி இரண்டு சொல்லுக்கு அடியில் இரட்டைக் கோடு.

அந்தக் கோட்டுக்குக் காரணம் உண்டு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமித்த வீடுகளில் பிறந்தவர்கள் நாங்கள் இருவரும். அப்படிச் சேமித்தால் எப்படி முடியும் என்று கண்ணால் பார்த்திருக்கிறோம். இரண்டு மாதம் ரசமும் அப்பளமுமாக ஓட்டிவிட்டு, மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கமாட்டாமல் எல்லாரும் ஓட்டலுக்குக் கிளம்பி, மிச்சம் பிடித்ததை ஒரே வேளை பிரியாணிக்குக் கொடுத்துவிட்டு வருவோம். அதனால் இந்த முறை என்ன சாப்பிடுவது என்பதில் கை வைக்க வேண்டாம், எங்கே வாங்குவது என்பதை மட்டும் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

வீட்டில் ஐந்து பேர். நாங்கள் இருவர், எட்டாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், என் அம்மா. மதுரையில் வாங்குவதற்கு வழிக்கா பஞ்சம்? வண்டியில் போனால் சில நிமிடத்தில் அண்ணா நகர் உழவர் சந்தை. கொஞ்சம் தள்ளி மாட்டுத்தாவணியில் மொத்த மார்க்கெட். தெருமுனையில் அண்ணாச்சி கடை, காலையில் வாசலுக்கே வரும் தள்ளுவண்டி, மாதம் ஒருமுறை குடும்பத்தோடு போகும் சூப்பர்மார்க்கெட். கார்டு இருந்தும் நாங்கள் எட்டிப் பார்க்காமல் விட்டிருந்த ரேஷன் கடை. போதாததற்கு, பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்று செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கும் செயலிகள்.

முதலில் ஒரு சனிக்கிழமை, ஒரே பட்டியலை எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் விலை கேட்டேன். தக்காளி இரண்டு கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு கிலோ, சின்ன வெங்காயம், கத்திரி, வெண்டை, பீர்க்கு, கேரட் அரை அரை கிலோ, முருங்கைக்காய் நாலு, வாழைக்காய் மூன்று, பச்சை மிளகாய், இஞ்சி, கீரை இரண்டு கட்டு, தேங்காய் மூன்று. ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டுக்குக் காணும். அன்றைய கணக்கு: உழவர் சந்தையில் 376 ரூபாய், சூப்பர்மார்க்கெட்டில் 431, தள்ளுவண்டியில் 445, செயலியில் 478. செயலியில் அதற்கு மேல் கட்டணங்கள் 39 சேர்ந்து 517.

இதைப் பார்த்ததும் சந்தைதான் என்று முடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் தள்ளுவண்டிக்கும் சந்தைக்கும் வித்தியாசம் வாரம் 69 ரூபாய். போய்வர நாலு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பத்து ரூபாய் கழித்தால் 59. மாதத்துக்கு 240 ரூபாய் வரும். 2,000 எங்கே, 240 எங்கே?

நோட்டை வைத்துக்கொண்டு நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் சொன்னாள். "வாங்குனத எழுதுறீங்க. வெளிய போடுறத யார் எழுதுறது?"

அடுத்த ஒரு வாரம் குப்பைக் கூடையையும் எழுதினோம். அழுகிய கொத்தமல்லி அரைக்கட்டு. சூம்பிப்போன கத்திரிக்காய் மூன்று. முளைவிட்ட வெங்காயம். பாதி கோஸ், கறுத்துப்போய். செவ்வாய்க்கிழமை சாம்பார் ஒரு கிண்ணம். எவனும் தொடாத சோள மாவு பாக்கெட் ஒன்று, தேதி முடிந்தது. கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு மேல் போயிற்று. அன்றிலிருந்து நோட்டில் இரண்டு பத்தி: வந்தது, போனது. எந்தக் கடை மலிவு என்பதை இரண்டாவது பத்திதான் தீர்மானித்தது என்பேன். கிலோ விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் நான் தவறான இடத்துக்குத்தான் போயிருப்பேன். ஒருமுறை போகவும் செய்தேன்.

அது மாட்டுத்தாவணி. கிலோ விலையில் அதை அடித்துக்கொள்ள இடம் கிடையாது. விடியற்காலையில் லாரி லாரியாகச் சரக்கு இறங்கும். தக்காளி ஒரு பெட்டி, பதினைந்து கிலோ, 210 ரூபாய் என்றார்கள். கிலோ பதினாலு! வெற்றி வீரனைப் போல வண்டியின் முன்பக்கம் வைத்துக் கொண்டுவந்தேன். மூன்று நாள் தக்காளிச் சோறு, தக்காளிக் குழம்பு, தக்காளிச் சட்னி. நாலாம் நாள் அடியில் இருந்தவை தண்ணீர் விட ஆரம்பித்தன. அவசர அவசரமாகத் தொக்கு கிண்டினோம். அதற்கு நல்லெண்ணெய் அரை லிட்டர். நாலு கிலோ அப்படியும் குப்பைக்குப் போயிற்று. தொக்குக்கு விட்ட எண்ணெயையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, நாங்கள் உண்மையில் சாப்பிட்ட தக்காளி கிலோ முப்பதைத் தாண்டியிருந்தது. மார்க்கெட் மேல் ஒரு குறையும் இல்லை. அது கடைக்காரருக்கான இடம், நான்தான் ஐந்து பேர் வயிற்றை வைத்துக்கொண்டு அங்கே போனேன்.

பிறகு மாடி வீட்டையும் எதிர்வீட்டையும் சேர்த்துக்கொண்டோம். இப்போது மாதம் ஒருமுறை, வெங்காயத்துக்கும் தேங்காய்க்கும் மட்டும், மூன்று வீட்டுக்கும் ஒருவர் போய்வருகிறோம். மாடிப்படியில் சாக்கைக் கொட்டி மூன்றாகப் பிரிப்பது ஒரு சின்னத் திருவிழா. மாடிவீட்டுப் பாட்டி ஒவ்வொரு வெங்காயத்தையும் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருப்பதை "இது இன்னைக்கே உரிக்க" என்று தனியே வைப்பார். மூட்டையில் வருவது அந்த மூன்று வீட்டில் கெடுவதேயில்லை.

இனி உழவர் சந்தை. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே மதுரை அண்ணா நகரில் இருப்பதுதான். 1999 நவம்பர் 14 அன்று அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்பது என்பது ஏற்பாடு. அன்றன்றைய மொத்த விலையை விசாரித்து, அதைவிடச் சுமார் 20 சதவீதம் கூட்டியும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைத்தும் விலை வைப்பது நடைமுறை. என் சனிக்கிழமைக் கணக்கில் தள்ளுவண்டிக்கும் சந்தைக்கும் இருந்த இடைவெளியும் ஏறத்தாழ அதே பதினைந்துதான். நோட்டைப் பார்த்துவிட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

உள்ளே நுழைந்தால் முதலில் விலைப் பலகை. அதைப் படிக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்பது மகளின் சட்டம். பலகையைப் பார்த்துத்தான் அந்த வாரத்துக் குழம்பே முடிவாகிறது. வீட்டிலிருந்து 'அவரைக்காய் அரை கிலோ' என்று எழுதிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டோம். 'பொரியலுக்கு மூன்று காய், குழம்புக்கு இரண்டு, கீரை இரண்டு' என்று மட்டும் எழுதுகிறோம். எந்தக் காய் என்பதைப் பலகை சொல்லும். அவரை எகிறிக் கிடந்தால் புடலை. புடலையும் ஏறினால் பூசணி. பட்டியலை இப்படி மாற்றியதில் மிச்சமான காசு, கடையை மாற்றியதில் மிச்சமானதைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

காலை ஆறரைக்குப் போனால் காய் பனி ஈரத்தோடு இருக்கும், விலை பலகையில் உள்ளபடி. பத்து மணிக்கு மேல் போனால் சில கடைகளில் கூறு போட்டுவிடுவார்கள். தராசை ஒப்படைத்துவிட்டு ஊர் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் அவர்களுக்கு. கத்திரிக்காய்க் கூறு, வெண்டைக்காய்க் கூறு, பத்துப் பத்து ரூபாய். கூறில் இரண்டு சொத்தை இருக்கத்தான் செய்யும். அன்றைக்கே சமைப்பதானால் கூறு லாபம், வியாழக்கிழமைக்கு வைப்பதானால் காலைச் சரக்குதான் லாபம். நாங்கள் ஒன்பதரைக்குப் போகிறோம். அதற்குக் கணக்கு ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்னால் எழ முடிவதில்லை.

குறையும் உண்டு. விவசாயி பெயரில் வியாபாரி உட்கார்ந்துவிடுவதாக உழவர் சந்தைகளைப் பற்றிப் பொதுவாகவே ஒரு புகார் நெடுநாளாக இருக்கிறது. நான் கண்டுபிடித்த வழி எளிது. ஒரே ஆளிடம் இருபது வகைக் காய் இருந்தால் கொஞ்சம் யோசிப்பேன். இரண்டு மூன்று வகையை மட்டும் வைத்துக்கொண்டு, "நேத்து மழை, அதான் வெண்டை குறைச்சல்" என்று சொல்கிறவரிடம் வாங்குவேன்.

அப்படி ஒரு அக்காவிடம்தான் பீர்க்கங்காயும் புடலங்காயும் வாங்குகிறோம். பீர்க்கங்காயைத் தேர்ந்தெடுக்க மகளுக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். காம்பைப் பிடித்துத் தூக்கினால் கனக்க வேண்டும், நடுவில் லேசாக வளைந்து கொடுக்க வேண்டும், வரம்பு நகத்துக்கு இளசாகக் கீற வேண்டும். "தோலைத் தூக்கிப் போட்றாதம்மா, தொவையலுக்கு ஆகும்." தோலைச் சீவி, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், ஒரு துண்டு புளியோடு வதக்கி அரைத்தால் அந்தத் துவையலுக்காகவே பீர்க்கங்காய் வாங்கலாம். ஒரே காயில் இரண்டு பதார்த்தம். முள்ளங்கி வாங்கினால் அதன் கீரைப் பொரியல், காலிஃப்ளவரின் தண்டு சாம்பாருக்கு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு என்று ஆரம்பித்து, 'போனது' பத்தி வாராவாரம் சுருங்கியது. மகனுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. வாழைக்காய்த் தோலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன செய்யலாம் அப்பத்தா?" என்று நிற்பான். அதிலும் துவையல் உண்டு என்று அம்மா சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

சந்தை முடிந்ததும் வாசலுக்கு வெளியே பருத்திப்பால். கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது, கெட்டியாக, சுடச்சுட. நாலு பேருக்கும் நாலு டம்ளர். இதை வீண்செலவில் எழுதுவதா என்று முதல் வாரம் ஒரு விவாதம் நடந்தது. 'போக்குவரத்து' என்று எழுதிவிட்டாள் மனைவி. பருத்திப்பால் இல்லையென்றால் பிள்ளைகள் சந்தைக்கு வரமாட்டார்கள், பிள்ளைகள் வராவிட்டால் நான் போவது சந்தேகம், நான் போகாவிட்டால் காய் செயலியில்தான் வரும். அவள் சொன்னது சரிதான்.

சூப்பர்மார்க்கெட்டை நான் திட்டப்போவதில்லை. உளுந்து, எண்ணெய், டீத்தூள், சோப்பு, இவையெல்லாம் அங்கே அச்சடித்த விலைக்குக் கீழே கிடைக்கின்றன, உண்மையாகவே மிச்சம். சிக்கல் என்னவென்றால் அங்கே தள்ளிக்கொண்டு போகிற வண்டி பெரிசு. 500 ரூபாய்க்குப் பட்டியல் எழுதிப் போன அன்று 1,140 ரூபாய்க்குப் பில் போட்டுக்கொண்டு வந்தோம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று தக்காளி சாஸ் வேறு. இரண்டு பாட்டிலுக்கும் இன்னும் மூன்று வாரம்தான் ஆயுள் என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு சாஸ் சாப்பிடுவதில்லை. இப்போது மாதம் ஒருமுறை, நான் மட்டும், சாப்பிட்டுவிட்டு, கைக்கூடை எடுத்துக்கொண்டு போகிறேன். கூடை கனத்தால் கை வலிக்கும், கை வலித்தால் கல்லாவுக்குப் போய்விடுவேன்.

அங்கே ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் எடையில் ஏறக்குறைய 910 கிராம். பார்வைக்கு அதே உருவத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், விலை பத்துப் பன்னிரண்டு ரூபாய் குறைவாக. மலிவு என்று கை அதற்குத்தான் போகும். பாக்கெட்டில் அதிகபட்ச விலைக்கு அருகிலேயே கிராமுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தைப் படிக்க நான் கண்ணாடி எடுத்துக்கொண்டு போகிறேன், வெட்கமில்லை.

அரிசி மூட்டையிலும் இப்படியொரு சங்கதி. மூட்டை ஏன் 26 கிலோவாக ஆனது என்று பலரும் கேட்டிருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டு அடைத்த அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்தது. அதற்கு மேல் இருந்தால் வரி இல்லை. உடனே ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கிவிட்டார்கள். 1,400 ரூபாய் மூட்டை என்றால் வரி மட்டும் 70 ரூபாய். ஆகவே ஐந்து கிலோ, பத்து கிலோ என்று பாக்கெட்டாக வாங்குவதைவிட 26 கிலோ மூட்டையோ, கடையில் சில்லறையாக அளந்து கொடுப்பதோ நல்லது. நாங்கள் மூட்டையாகத்தான் வாங்குகிறோம், வண்டு வராமல் இருக்க வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போட்டு.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒருநாள் ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லை என்று தட்டினேன். கொத்தமல்லி 14 ரூபாய், கட்டணங்களோடு பில் 61. இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்றது. வாங்கினேன். சிப்ஸ், சாக்லேட், இன்னும் என்னவோ. ரசம் நன்றாகத்தான் இருந்தது, 200 ரூபாய் ரசம். ஆனால் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்ட ஒரு மதியம், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தபோது இளநீரும் ரொட்டியும் வாசலுக்கு அனுப்பியது அதே செயலிதான். அதனால் அழிக்கவில்லை. செல்போனின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், தேடி எடுக்கிற நேரத்தில் பாதி ஆசை போய்விடும்.

அண்ணாச்சி கடையில் எதுவுமே மலிவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிலோ விலை பார்த்தால் அப்படித்தான். ஆனால் பத்து ரூபாய்க்கு சோம்பு, இருபது ரூபாய்க்கு மிளகு, ஐம்பது கிராம் பெருங்காயம் என்று தேவைக்குத் தேவை அளந்து தருவது அவர் ஒருவர்தான். 'போனது' பத்தியில் அண்ணாச்சி கடைச் சாமான் ஒருதடவைகூட வரவில்லை. மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொள்வார். 2020 ஊரடங்கில், போலீஸ் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே கடை அவருடையது. அரை ஷட்டரைத் தூக்கி அரிசி கொடுத்தவரிடம் இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பதை நான் செலவாக நினைப்பதில்லை. மாதத்தில் பாதி மசாலாச் சாமான் இன்றும் அங்கேதான்.

தள்ளுவண்டி என் அம்மாவின் துறை. காலையில் அந்தக் கீரைக்காரம்மாவோடு பத்து நிமிடம் பேரம் பேசாவிட்டால் இரண்டு பேருக்குமே பொழுது விடியாது. "இருபதா? கட்டு விரக்கட இருக்கு!" என்று அம்மா ஆரம்பிப்பாள். "நீ வாங்காட்டி போ ஆத்தா, எதிர்வீட்ல எடுத்துக்குவாக" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புவது போல் கிளம்புவார் அவர். முடிவில் விலை குறையாது, ஒரு பிடி கறிவேப்பிலை கூடும். அந்தப் பிடிக்குப் பெயர்தான் கொசுறு. மகள் இதைத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்பாள்.

இனி ரேஷன். இதில்தான் எங்கள் கௌரவம் கொஞ்சம் அடிபட்டது, பை நிறைந்தது. தமிழ்நாட்டில் இது அனைவருக்குமான திட்டம். அரிசி கார்டு வைத்திருப்பவர்கள் வருமானத்தைக் காரணம் காட்டி ஒதுங்க வேண்டியதில்லை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். எங்கள் கார்டுக்கு மாதம் 20 கிலோ. சர்க்கரை கிலோ 25 ரூபாய், இரண்டு கிலோ. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. எல்லாம் வாங்கினால் 105 ரூபாய். வெளியே அந்தப் பருப்பு ஒன்றே நூறைத் தாண்டிவிடும்.

இத்தனை வருடம் ஏன் வாங்கவில்லை? அரிசி வாடை அடிக்கும், வரிசையில் நிற்கவேண்டும், தெருவில் பார்ப்பார்கள். இந்த மூன்றில் உண்மை ஒன்றரை. சில மாதம் அரிசி பழசாக வரத்தான் செய்கிறது. சாதத்துக்கு அதை நாங்கள் வைப்பதில்லை. இட்லிக்குப் போடுகிறோம். அம்மாவின் அளவு: ரேஷன் புழுங்கலரிசி மூன்று டம்ளர், இட்லி அரிசி ஒரு டம்ளர், உளுந்து முக்கால் டம்ளருக்குச் சற்று மேல், வெந்தயம் ஒரு ஸ்பூன். அரிசியை ஐந்து தண்ணீர் விட்டுக் கையால் அலசிக் கழுவவேண்டும், அதில்தான் வாடை போகும். முதல் ஈடு இறக்கியபோது, இட்லியைத் துணியிலிருந்து எடுத்து மனைவி விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். குழிந்து, மெதுவாக மேலே வந்தது. "சரி, இனிமே இதுதான்" என்றாள்.

கழுவும்போது சில அரிசி மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது அதுதான். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து வந்தது. பொறுக்கி எறியவேண்டாம்.

வரிசையும் முன்னைப் போல் இல்லை. மாத ஆரம்பத்தைத் தவிர்த்துப் பத்தாம் தேதிக்கு மேல் போனால் பதினைந்து நிமிடத்தில் வேலை முடியும். எல்லாச் சாமானும் ஒரே நாளில் இருக்குமா என்பது வேறு விஷயம், பருப்புக்காக இரண்டாம் தடவை போன மாதங்கள் உண்டு. அம்மாவின் கைரேகையை மெஷின் எடுக்கவே இல்லை. "பாத்திரம் வெளக்கி வெளக்கி ரேகையே போயிருச்சு" என்று சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்து வைத்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை வாங்குகிற சாமான்களுக்குத் தனிக் கணக்கு. மிளகாய் வற்றலும் புளியும் மாசி, பங்குனியில் புதுசாக வரும்போது கீழமாசி வீதியில் மொத்தக் கடையில் எடுத்துவிடுகிறோம். ராமநாதபுரத்து முண்டு மிளகாய் நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடித்து, குழம்புக்கு நிறமும் காரமும் ஒருசேரக் கொடுக்கும். மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்து, மல்லி, சீரகம், மிளகு, கொஞ்சம் கடலைப்பருப்பு வறுத்துச் சேர்த்து மாவு மில்லுக்குக் கொண்டுபோனால் ஆறு மாதத்துக்குக் குழம்புத்தூள் ஆயிற்று. பாக்கெட் மசாலாவோடு ஒப்பிட்டால் மாதம் நூறு ரூபாய் மிச்சமாகலாம். அரைத்துச் சூடாக இருக்கும் தூளைத் தூக்குவாளியில் வாங்கி வண்டியில் வரும்போது தெருவே தும்மும்.

மீன் கரிமேட்டில். வஞ்சிரம் ஒரு கிலோ வாங்கும் காசுக்கு சாளை நாலு கிலோ வரும், குழம்புக்குச் சாளையை மிஞ்ச மீன் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த 61 நாளும் கடல்மீன் பக்கம் போகாமல் கருவாட்டிலும் கண்மாய் மீனிலும் ஓட்டிவிடுவோம்.

இப்படி ஆறு மாதம் ஓடியபிறகு எங்கள் முடிவு இதுதான். காய் உழவர் சந்தையில், ஞாயிறு காலை. நடுவில் கீரை தள்ளுவண்டியில். வெங்காயமும் தேங்காயும் மூன்று வீட்டுக் கூட்டில். இட்லிக்குப் போடும் புழுங்கலரிசி, பருப்பு, சர்க்கரை ரேஷனில். பாக்கெட் சாமான் மாதம் ஒருமுறை கைக்கூடையோடு. சில்லறை மசாலா அண்ணாச்சியிடம். நோட்டுப்படி ரேஷனில் சுமார் 700, சூப்பர்மார்க்கெட்டில் வேண்டாததை எடுக்காமல் விட்டதில் 600, குப்பைக்குப் போகாமல் நின்றதில் 300, சந்தை விலையில் 240, குழம்புத்தூளில் 100. மொத்தம் 1,940. அறுபது ரூபாய் இன்னும் பாக்கி என்று மனைவி அவ்வப்போது நினைவுபடுத்துகிறாள்.

இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கு உழவர் சந்தை சரிப்படாது. அரை கிலோ கத்திரியை அவன் என்ன செய்வான்? அவனுக்குத் தள்ளுவண்டியும் அண்ணாச்சி கடையும்தான் மலிவு. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற தம்பதிக்கு, இரண்டு மூன்று நாளைக்குச் சேர்த்து ஒரே ஆர்டராகச் செயலியில் போடுவதுகூடக் குற்றமில்லை, கொத்தமல்லிக்காக மட்டும் தட்டாமல் இருந்தால். கைக்குழந்தை உள்ள வீட்டில் முதலில் தூக்கம், பிறகுதான் சந்தை. ரேஷனை மட்டும் கார்டு இருக்கிற யாரும் விடவேண்டாம் என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பீர்க்கங்காய் அக்கா எங்களைப் பார்த்ததும் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். இரண்டு புடலங்காய், மற்றவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தது. மகள் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். அக்கா சிரித்துக்கொண்டே ஒரு எலுமிச்சம்பழத்தை அவள் கையில் வைத்தார். "இன்னும் நிக்கிறியா?" இரண்டு பச்சை மிளகாயும் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால், 'வந்தது', 'போனது' பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி, ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு, அவள் கையெழுத்தில்: 'கொசுறு'. எலுமிச்சை ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து. விலை எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.